பொந்தைக்குள் தூவிய பொடி

என் வயசுக்காரிகளே, இது உங்களுக்குத்தான். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் மூட்டைப்பூச்சியை நகத்தால் நசுக்கி அந்த நகத்தை முகர்ந்து பார்க்காதவர்களுக்கு நான் என்ன சொல்லி என்ன புரியப் போகிறது.

சாயங்காலம் குளத்துப் படியில் நாம் நாலு பேர் உட்காருகிறோம் அல்லவா. போன வாரம் நம்மில் ஒருத்தி, பழஞ்சேலையில் தைத்த மெத்தையைப் பற்றிப் பேச்செடுத்தாள். இப்போது கடையில் அதை மாட்டி வைத்து விற்கிறார்களாம், பேத்தி வாங்கி வந்தாளாம். "எங்கம்மா பொடவ வாசன இன்னும் மூக்குலயே கீது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீங்களும் ஆமாம் ஆமாம் என்றீர்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். கால் மரத்துப் போச்சு என்றேன். பொய். எனக்குக் குமட்டியது.

மறுநாள் ஏன் போனாய் என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. அஞ்சாவது வரைக்கும் கற்ற எழுத்து இன்னும் கையில் இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, வண்டிப் பாதையில் நடக்கிற தூரம். சொந்த நிலம், சொந்தக் கிணறு, மூன்று மாடு. யார் வாசலிலும் போய் நின்ற குடும்பமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நைனா, அம்மா, அண்ணன், நான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தெலுங்கு காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஊர். அண்ணன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பாசஞ்சர் வண்டி ஏறிப் போவான். அண்ணி தலைப்பிரசவத்துக்கு ஊத்துக்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு வீடு தள்ளி அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. ஊரில் எவள் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், எந்தப் பிள்ளைக்கு வயிறு போனாலும், பெரியம்மா சொல்வதுதான் வைத்தியம். அவள் சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேசமாட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது முடிந்திருந்தது.

பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோணி ஊசியால் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டுத் தடிப்பாக்கினால் அதற்கு எங்கள் பக்கத்தில் பொந்தை என்று பேர். போர்த்திக்கொள்ளலாம், விரித்தும் படுக்கலாம். அந்த ஆடியில் அம்மா ஆரம்பித்தாள். அண்ணி பிள்ளையோடு திரும்பி வருவதற்குள் ஐந்து பெரிய பொந்தை, பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பொந்தை.

"ஊத்துக்கோட்டைக்காரங்க கொண்டாந்து உடறதுக்கு நாலு பேரு வருவாங்க. நம்ம ஊட்டு படுக்கையப் பாத்து மூக்குல வெரல வெக்கணும்" என்றாள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொந்தைக்குள் என்ன போகிறது என்று உங்களில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. தைக்கும்போது துணியைப் பிடித்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியும். சாணி காய்ந்து விளிம்பு விறைத்த அம்மாவின் சேலை. புகையிலைச் சாறு பட்டுப் பழுத்த நைனாவின் வேட்டி. ஏழு வயது வரைக்கும் நான் நனைத்த விரிப்பு. அலசினாலும் வெயில் ஏறினால் அந்த நெடி எழுந்து வரும். அண்ணனுடைய கம்பெனிக் கால்சட்டை, முழங்காலில் எண்ணெய்க் கறை. எந்தச் சவுக்காரத்துக்கும் அது போகாது. வீட்டுப் பெண்கள் அந்த மூன்று நாளுக்கு வைத்திருந்து கிழிந்துபோன துணி, அதுவும். வெட்கப்படாமல் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் அதுதான் போயிருக்கும். இதையெல்லாம் நடுவில் வைத்து, மேலுக்கு மட்டும் பூப்போட்ட நல்ல சேலையொன்றைப் போர்த்தித் தைத்துவிடுவாள். அந்தப் பூவைத்தான் நீங்கள் அம்மா வாசனை என்கிறீர்கள்.

ஒரு பொந்தையும் ஒரே மூச்சில் முடிந்ததில்லை. ஆடியில் தொட்டது, நடவு வந்தது, நின்றது. நடவு முடிந்தது, மாடு கன்று போட்டது, நின்றது. அண்ணனுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். எந்நேரமும் ஒரு டிபன் கேரியர் கழுவுவதற்கோ கட்டுவதற்கோ காத்திருக்கும். அம்மா ஒரு வரிசை போடுவாள். "யம்மா, கயனிக்கு ஆளுங்க வந்துட்டாங்க, கூழு எங்க?" என்று வாசலில் குரல் கேட்கும். ஊசியை அப்படியே குத்தி வைத்துவிட்டு எழுந்து போவாள்.

ஒருநாள் நைனா வயலிலிருந்து வந்த களைப்பில் அதன்மேல் போய் உட்கார்ந்தார்.

"ஐயோ! எவ இங்க ஊசிய வெச்சது?"

"தெச்சிக்கினு இருந்த எடத்துல வெச்சேன். உன்ன யாருய்யா அங்க வந்து குந்தச் சொன்னது?"

"எம் ஊட்ல நான் குந்தக் கூடாதா?"

"குந்து. ஊசியோட அப்படியே ஒரு வரிச தெச்சிக்கினு எயுந்திரு."

நைனா சிரித்துவிட்டார். அந்தப் பருவத்தில் நான் சிரித்த ஞாபகம் அது ஒன்றுதான்.

ஆறு பொந்தைக்கும் மூன்று பக்கம் மூடிவிட்டாள். நான்காவது பக்கம் திறந்தே கிடந்தது. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி: மூன்று பக்கம் தைத்து, களத்தில் போட்டு நாலு வெயில் காட்டி, தடியால் அடித்து உதறி, பிறகுதான் கடைசிப் பக்கத்தை மூடுவது. ஆனால் வெயிலுக்குப் பதில் ஐப்பசி மழை வந்துவிட்டது. முடியாத பொந்தைகளைச் சுருட்டிக் கயிற்றுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கார்த்திகையிலும் மழை விடவில்லை.

மார்கழியில் இழுத்துப் பிரித்தோம். திறந்த வாய்க்குள் கையை விட்ட அம்மா, "ச்சீ" என்று வெளியே இழுத்தாள். புறங்கை முழுக்க மூட்டைப்பூச்சி. தையல் ஓரமெல்லாம் ரவையைக் கொட்டியதுபோல் முட்டை. அடுக்குக்கு அடுக்கு கறுப்புப் புள்ளியாக எச்சம். எங்கள் வீட்டு மனிதர்களின் ரத்தத்தைக் குடித்துவிட்டு எங்கள் சேலைக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருந்தன. அம்மா கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக நசுக்கினாள். நானும் நசுக்கினேன். கெட்டுப்போன கொத்தமல்லி மாதிரி ஒரு நாற்றம். இன்றைக்கும் என் ரசத்தில் கொத்தமல்லி கிடையாது. என் மருமகள் அது ஏதோ என் கர்வம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கொதிநீர் ஊற்றினோம். மண்ணெண்ணெய் தெளித்தோம். வெயிலில் போட்டுத் தடியால் அடித்தோம். விழுந்தவை ஊர்ந்து மறுபடியும் ஏறின. அதற்குள் ஊத்துக்கோட்டையிலிருந்து கார்டு வந்தது. தை பிறந்து ஐந்தாம் நாள் பெண்ணையும் பேத்தியையும் கொண்டுவந்து விடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பிறந்தது பெண். பிள்ளைக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்த பொந்தைய விரிச்சா மானம் பூடும்டி. தூக்கி எரிச்சா படுக்க ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

நெல்மூட்டை அடுக்கும் அறை மூலையில் பூச்சி மருந்து மூட்டை ஒன்று இருந்தது. வெள்ளைப் பொடி. பயிரில் பூச்சி விழுந்தால் நைனா அதைப் பழந்துணியில் முடிந்துகொண்டு, பனி காய்வதற்குமுன் வரப்பில் நடந்தபடி குச்சியால் தட்டித் தூவுவார். பூசணம் பிடித்த மண்போல ஒரு நெடி அடிக்கும். மூட்டையின் மேல் மண்டை ஓடு படம் போட்டிருக்கும். வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற பொம்மை முகம் என்றே நான் நினைத்திருந்தேன், பயிருக்குக் கண்படாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்று. அந்த மூட்டையைச் சுற்றிக் கரப்பான், எறும்பு எல்லாம் கால் மேலே தூக்கிச் செத்துக் கிடப்பதைப் பார்த்திருந்தேன்.

"அம்மா, பயிருக்குத் தூவற பொடிய உள்ள போட்டா பூச்சி செத்துப் பூடுமே" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒரு பொந்தைக்குள் தூவிப் பார்த்தாள். மறுநாள் காலையில் உதறினோம். உமி மாதிரி கொட்டியது, அத்தனையும் செத்தவை.

"எம் பொண்ணு மூளையப் பாருங்க!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதற்கு முன்பு அம்மா என்னைப் புகழ்ந்ததில்லை. பிறகும் அவ்வளவாக இல்லை. அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

பொடி தூவும் வேலை எனக்கே வந்தது. ஒரு தகர மூடியால் மூட்டையிலிருந்து அள்ளித் துணியில் முடிந்து, திறந்த பக்கத்தின் வழியாகக் கையை உள்ளே விட்டு, அடுக்குக்கு அடுக்கு தட்டினேன். கோலமாவு தூவுவதுபோல ஆசையாகத் தட்டினேன். ஐந்து பெரிய பொந்தைக்கும் தட்டினேன். பிள்ளைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சின்னதற்கு இரண்டு தரம். மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, கண் எரிந்தது. பாவாடையெல்லாம் வெள்ளை.

நைனா வந்து பார்த்தார். "அடியே, அது பயிருக்குப் போடறது."

அம்மா ஊசியில் நூலைக் கோத்தபடியே, "பயிருக்குப் போட்டு வெளைஞ்ச நெல்லத்தான துன்றோம்? உள்ள துன்னா ஒண்ணும் ஆவல, மேல போத்திக்கினா இன்னா ஆவும்?" என்றாள்.

நைனா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அன்றைக்கே ஆறு பொந்தைக்கும் நான்காம் பக்கத்தை மூடி முடித்தாள். ஆடியில் தொடங்கியது முடிந்தது.

தை ஐந்தாம் நாள் அண்ணி வந்தாள். பிள்ளை கறுப்பு மை வைத்து, கொழுகொழுவென்று, எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. உடன் வந்தவர்களுக்கு அம்மா பொந்தைகளை விரித்தாள். அண்ணியின் அம்மா உட்கார்ந்த கையோடு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இன்னா சம்பந்தி, மருந்து நெடி ஆளத் தூக்குது?"

"பூச்சி அண்டாத பொந்த சம்பந்தி. உங்க ஊருல இத்த மாதிரி கெடையாது" என்றாள் அம்மா, பெருமையாக.

அவர்கள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். அண்ணியும் பிள்ளையும் இருந்தார்கள். பிள்ளையைச் சின்னப் பொந்தையில் போட்டு, அதன் மீதிப் பாதியைப் போர்த்திவிட்டார்கள். தைக் குளிர்.

நாலாம் நாள் பிள்ளையின் முதுகெல்லாம் சிவந்து தடித்தது. ஆறாம் நாள் குடித்த பாலையெல்லாம் கக்கியது. பிறகு கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தூங்கும்போதும் துடிக்கும். அண்ணி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்கும். பொந்தையில் போட்டால் மறுபடியும் இழுக்கும். அண்ணிக்கு நடந்து நடந்து கால் வீங்கியது. இதைப் பார்த்தும் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பெரியம்மா வந்தாள். பிள்ளையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கொயந்த மேல தப்பில்ல. பால்லதான் தப்பு. கெட்ட பாலு."

"ஊத்துக்கோட்டையில நாலு மாசமா இந்தப் பாலத்தான குடிச்சிது பெரிம்மா" என்றாள் அண்ணி.

"அப்ப நல்ல பாலு. இப்ப கெட்டுப் போச்சி. நீ வர்ற வயியில எத மிதிச்சியோ, எவன் கண்ணு பட்டுச்சோ. பேசாத, பீச்சு. எறும்ப உட்டுப் பாத்துடலாம்."

இது பெரியம்மாவின் வைத்தியம். தாய்ப்பாலைக் கொஞ்சம் பீச்சி, அதில் உயிர் எறும்பு ஒன்றை விடுவாள். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். செத்தால் விஷப் பால். ஊரில் பலருக்கும் இப்படிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"இந்தாடி, சின்ன ஏனம் எதுனா எடுத்தா" என்று என்னிடம் சொன்னாள்.

நான் ஓடினேன். என்னைப் புகழ்ந்த புதுசல்லவா, எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடுவேன். கைக்கு அகப்பட்டது அந்தத் தகர மூடி. பாவாடையில் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினேன்.

தெரியாது என்று சொல்ல மாட்டேன். மூடியின் விளிம்பு மடிப்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நீட்டும்போதே பார்த்தேன். அதனால் ஏதும் ஆகும் என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பீச்சினாள். பெரியம்மா சுவரோரம் போன கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து உள்ளே விட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். அது இரண்டு சுற்று நீந்தியது. விளிம்பைத் தொட்டு ஏறப் பார்த்தது. பிறகு சுருண்டு கால்களை உதறியது. கொஞ்ச நேரத்தில் மிதந்தது.

"பாத்துக்கோ" என்றாள் பெரியம்மா.

அண்ணி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை எழுத எனக்கு எழுத்து போதாது. தன் நெஞ்சை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், அங்கே ஏதோ கடிக்கிற ஜந்து இருப்பதுபோல.

எனக்கு அப்போது மூடி ஞாபகம் வந்தது. "அம்மா, அந்த மூடி..." என்று ஆரம்பித்தேன்.

"சொம்மா இருடி" என்றாள் அம்மா.

சும்மா இருந்துவிட்டேன். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். பொடி அள்ளின மூடியில் பால் பிடிக்கக் கொடுத்தேன் என்றால், மூளைக்காரி என்ற பெயர் போய்விடும். பத்து வயசுப் பெண்ணுக்கு அது பெரிய சொத்து. அதற்காக வாயை மூடிக்கொண்டேன். நான் நல்ல குடும்பத்துப் பெண், பொய் சொன்னதில்லை என்று எத்தனையோ தடவை உங்களிடம் ஜம்பமாகப் பேசியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. மெய்யும் சொல்லவில்லை.

அன்றே பால் நிறுத்தினார்கள். மல்லிகைப் பூவைப் பந்தாகக் கட்டி அண்ணியின் மார்பில் வைத்துச் சேலைத் துணியால் இறுக்கினாள் பெரியம்மா. பால் வற்றுவதற்கு அது. வற்றுவதற்குள் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. அண்ணிக்கு ஜுரம். பூ அழுகி, பால் கசிந்து புளித்து, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அறைக்குள் நுழைவேன். தலையில் மல்லிகை வைக்க எனக்கு ஏன் பிடிக்காது என்று ஒருத்தி கேட்டாளே, இதற்குத்தான்.

பிள்ளைக்கு மாட்டுப் பால். அதுவும் தங்கவில்லை. இழுப்பு நிற்கவில்லை. "ஒடம்புல ஏறின வெசம் எறங்க நாளாவும். நல்லா போத்தி வை" என்றாள் பெரியம்மா. அம்மா இன்னும் இறுக்கிப் போர்த்தினாள்.

பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. ஒரு மத்தியானம் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். பெரியம்மா அவன் இலைக்கு எதிரே குந்தினாள்.

"இவள அவ ஆத்தா ஊட்டுக்கு அனுப்பிடுப்பா. புள்ள இங்கியே இருக்கட்டும். நாங்க வளத்துக்கறோம். வெசப் பாலு உள்ளவ வயித்துல இனிமே பொறக்கறதும் எப்படி நிலைக்கும்? ஒனக்கு வேற பாக்கலாம்."

உள்ளே அண்ணி இருந்தாள். கதவு கிடையாது, சேலைத் திரைதான். எல்லாம் கேட்டிருக்கும். நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சோற்றைப் பிசைந்தான். "கொஞ்சம் மோரு ஊத்தும்மா" என்றான். அவ்வளவுதான். என் கூடப் பிறந்தவன்தான். அந்த மோரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் அண்ணி தன் தகரப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். "நீ போறதுன்னா போ. கொயந்தைய வெச்சிட்டுப் போ. எங்க ஊட்டு ரத்தம்."

"உங்க ஊட்டு ரத்தம்னா நீங்க பெத்துக்கோங்க அத்தே. இது நான் பெத்தது. சாவறதா இருந்தா எம் மடியில சாவட்டும்."

"ஒனக்குப் பாலே இல்ல, எத்தக் குடுப்ப?"

"கஞ்சித் தண்ணி குடுப்பேன். வயிய உடுங்க."

அம்மா அசையவில்லை. அண்ணி அதுவரைக்கும் அந்த வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. பிள்ளையைச் சுற்றியிருந்த சின்னப் பொந்தையை உருவினாள். அம்மாவின் காலடியில் வீசினாள்.

"இந்தாங்க, நீங்க ஆறு மாசமா தெச்சது. உங்க ஊட்டுத் துணி ஒரு நூலு கூட எங்களுக்கு வாணாம்."

தன் முந்தானையை இழுத்துப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு, அம்மாவைத் தோளால் இடித்துத் தள்ளி இறங்கிப் போனாள். நைனா மட்டும் எழுந்தார். தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஸ்டேஷனுக்குப் போனார். கவரைப்பேட்டையில் இறங்கி, பஸ் ஏற்றிவிட்டு, பொழுது சாய்ந்துதான் திரும்பினார். அவ்வளவு பெரிய வீட்டில் மனுஷனாக நடந்துகொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

அண்ணி கோபத்தில் வீசினாள். பிள்ளை பிழைத்தது அந்தக் கோபத்தால்தான். ஊத்துக்கோட்டையில் பத்தே நாளில் இழுப்பு நின்றது. தடிப்பு அடங்கியது. கஞ்சியும் பாலும் தங்கின. சேதி வந்ததும் பெரியம்மா தொடையைத் தட்டினாள்.

"நான் சொல்லல? இவ பாலு நின்னுது, புள்ள தேறிச்சி."

அம்மாவும் தலையாட்டினாள். சரியாகிவிட்டது, பெரியம்மாவின் வைத்தியம் பலித்துவிட்டது. ஊரே அதைச் சொன்னது.

வீசின சின்னப் பொந்தையை அம்மா மாட்டுக் கொட்டகையில் போட்டாள். தெருநாய் ஒன்று அதில் வந்து நாலு குட்டி போட்டது. மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் துடித்துத் துடித்துச் செத்தன. ஈ மொய்த்தது. நாலாவதைக் காலால் தள்ளிப் பொந்தையோடு சேர்த்து அம்மா குப்பைமேட்டுக்கு இழுத்துப் போனபோது நான் பின்னாலேயே போனேன்.

"யம்மா, நாய்க்கும் கெட்ட பாலா?"

கன்னத்தில் விழுந்தது அறை. ஏன் அடித்தாள் என்று அப்போது தெரியவில்லை. அவளுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதை அந்த அறையோடு அணைத்துவிட்டாள்.

மற்ற ஐந்து பொந்தையிலும் நாங்கள் படுத்தோம். நைனாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, எனக்குத் தினம் தலைவலி. "எங்க ஊட்டுப் பொந்தையில ஒரு பூச்சி காட்டு பாப்போம்" என்று அம்மா சவால் விட்டுக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் பெரியவர்கள் பேசி அண்ணியையும் பிள்ளையையும் திரும்பக் கூட்டி வந்தார்கள். எங்கள் பொந்தை எதையும் அவள் பிள்ளைமேல் படவிடவில்லை, தாய்வீட்டுத் துணியிலேயே போட்டு வளர்த்தாள். வேறு பார்க்கலாம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை; நைனா எடுக்க விடவில்லை. அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பிறந்த அன்றைக்கே பெரியம்மா மல்லிகைப் பூவோடு போய் நின்றாள். அண்ணி மறுக்கவில்லை. தானே ரவிக்கையை அவிழ்த்துக் கொடுத்தாள். பிள்ளை வாயை அண்டவிடாமல் கையால் நெஞ்சை மறைத்துக்கொள்வாள், அன்றைக்கு மறைத்த அதே மாதிரி. எறும்பு மிதந்ததைக் கண்ணால் பார்த்தவளல்லவா.

எனக்குக் கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்த பிறகு, என் வீட்டுக்காரர் ஒருநாள் இதே மாதிரி மருந்து மூட்டை வாங்கி வந்தார். மண்டை ஓட்டுக்குக் கீழே இங்கிலீஷில் இருந்ததை எனக்குப் படித்துச் சொன்னார். பிள்ளைகள் கிட்டே வைக்காதே. துணியில் படவிடாதே. தொட்டால் கையைக் கழுவு. கேட்டுக்கொண்டே இருந்தேன். எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்தேன். முழுகாமல் இருக்கிறேன் என்று நினைத்து மாமியார் சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகாவது சொன்னேனா? சொல்லவில்லை. அம்மா போகட்டும் என்று இருந்தேன். பெரியம்மா போகட்டும் என்று இருந்தேன். பெரியம்மாவின் சாவுக்கு எத்தனை தாய்மார்கள் வந்து அழுதார்கள் தெரியுமா, எங்க பிள்ளைய காப்பாத்தின மகராசி என்று. மாலை போட்டுத் தூக்கினார்கள். அண்ணனும் போய்ச் சேர்ந்தான். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான் மிச்சம்.

போன சித்திரையில் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அண்ணி அங்கேதான் பெரிய பையனோடு இருக்கிறாள். அந்த முதல் பிள்ளை இப்போது தானே பேரன் எடுத்துவிட்டாள். அண்ணி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு பிடி எடுத்து முறத்தில் தனியாக ஆய ஆரம்பித்தேன். ஆய்ந்துகொண்டே சொன்னேன். பொந்தை, பொடி, சின்னதற்கு இரண்டு தரம் தட்டினது, மூடி, விளிம்பில் இருந்த வெள்ளை, நான் பார்த்தது, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது, எல்லாம்.

அவள் கை நின்றுவிட்டது. வெளியே ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"நீ சொல்றது இன்னா பாப்பா?" என்றாள். இந்த வயதிலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "அப்போ எம் பாலு நல்ல பாலுதானா?"

"நல்ல பாலுதான் அண்ணி."

குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். என்ன இருக்கிறது அங்கே, எல்லாம் வற்றி எலும்பு. மறுபடியும் கேட்டாள்.

"நல்ல பாலுதானா?"

"நல்ல பாலுதான்."

அழுவாள் என்று நினைத்தேன். என்னை அடிப்பாள் என்றும் நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும். இரண்டும் செய்யவில்லை. முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். தான் ஆய்ந்த கீரையை வழித்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டாள். நான் ஆய்ந்து வைத்திருந்ததை முறத்தோடு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், குப்பைத் தொட்டியில் கொட்டித் தட்டினாள். உள்ளே வந்தாள்.

"போய் கையக் கழுவிக்கினு வா, சோறு போடறேன்."

போனேன். சோப்புப் போட்டு நகக்கண் வரைக்கும் கழுவினேன். துடைத்துக்கொள்ள அவள் துணி தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஈரக் கையோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.